கேப்பர் மலையில் மூன்றாம் கியர்

முதுநகரில் உரம் ஏற்றும்போதே கோடைமழை பிடித்துக்கொண்டது.
எடைமேடைச் சீட்டில் முப்பத்தொன்பது டன், வண்டியோடு சேர்த்து.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
அதன்பிறகு இடதுகைக்கு வேலை இல்லை.

புது வண்டி. கிளட்ச் மிதி கிடையாது.
கியர்த்தண்டு இருக்க வேண்டிய இடத்தில்
தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு பள்ளம்.
சாவியைக் கொடுக்கும்போது ஓனரம்மா பெர்னதெத்
'இனிமே நீங்க யோசிக்க வேணாம் கலியன்,
அதுவே யோசிக்கும்' என்றார்.
பாண்டியில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம்.
அங்கே மேடு என்றால் ஸ்பீடு பிரேக்கர்தான்.

கெடிலம் தாண்டி, செம்மண் ஏற்றம் தொடங்கும்போது
நான்கில் இருந்தது.
நன்றாகத்தான் இழுத்தது.
முள் ஆயிரத்தெழுநூறைத் தொட்டதும்
போதும் என்று அதற்குப் பட்டிருக்க வேண்டும்,
ஐந்துக்குக் கிளம்பியது.

போகும் வழியில்தான் அந்த இடம்.
நான்கும் இல்லை, ஐந்தும் இல்லை.
எஞ்சின் மூச்சை உள்ளே இழுத்து
விடாமல் வைத்திருக்கிறது.
அதற்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
முப்பத்தொன்பது டன்னும் அந்த ஒரு நொடி
திரும்பி ஊரைப் பார்க்கிறது.

ஐந்து விழுந்தது. வேகம் செத்திருந்தது.
திணறி மறுபடி நான்கு.
அதுவும் ஆகாமல் மூன்று.
முள் கொஞ்சம் ஏறியதும் திரும்பவும் நான்கின்மேல் ஆசை.

அதைக் குறை சொல்ல மாட்டேன்.
அதற்குத் தெரிந்ததெல்லாம் பாரம், என் காலின் அழுத்தம், முள்ளின் எண்.
வளைவுக்கு அப்பால் இன்னும் இருநூறு மீட்டர் மேடு இருப்பது தெரியாது.
பலாப்பழம் இரண்டைக் கட்டிக்கொண்டு
மொபெட்டில் ஒருத்தி
பின்சக்கரத்தை ஒட்டி வருவது தெரியாது.

எனக்குத் தெரியும்.
இதே மேட்டில், பழைய வண்டியில்,
மூன்றைத் தவறவிட்டிருக்கிறேன்.
கை தேடியது. பல் கடித்தது. விழவில்லை.
பின்னால் ஒரு சைக்கிள் நின்றிருந்தது.
மிச்சத்தைக் கோர்ட்டில் சொல்லியாயிற்று.

பதினோரு மாதம், மலைமேல், மதிலுக்கு உள்ளே.
ராத்திரியில் படுத்தபடி லாரிகளைக் கேட்பேன்.
பக்கத்துப் பாயில் ஷர்புதீன், பரங்கிப்பேட்டை, செக் மோசடி.
'இது யாரு?' என்பான்.
கரும்பு லோடு, நாலிலிருந்து மூணு, அவசரக்காரன்.
'இது?'
முந்திரி. லேசு. மூணு போடாமலே ஏறிடுவான்.
அவன் தூங்கிப்போன பிறகும் கேட்டுக்கொண்டிருப்பேன்.
ஒரு கியர் விட்டு இன்னொன்று விழுவதற்குள்
சத்தம் அறுந்துபோகுமே,
அப்போதெல்லாம் பாயில் கிடக்கும் என் இடதுகை அசையும்.
அடுத்தது விழுந்த பிறகுதான் மூச்சு.

இன்று மதில் தெரிகிறது.
வண்டி மறுபடி நான்குக்குத் தயாராகிறது.
ஸ்டியரிங் பக்கத்துக் குமிழை 'எம்' என்ற எழுத்துக்குத் திருப்பினேன்.
பயிற்சி கொடுக்க வந்த பையன்
டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது போகிறபோக்கில் சொன்னது.
மூன்று. அங்கேயே இரு.

இருந்தது.
பதினான்கு கிலோமீட்டர் வேகம்.
மொபெட்காரி ஹாரன் அடித்தாள், திட்டினாள், முந்திப் போனாள்.
பாதி இறக்கிய கண்ணாடி வழியாகப் பலாவாசனை
வந்த சுவடு தெரியாமல் மழையில் கரைந்தது.
மதில் நெடுக, அறுந்துபோகாத ஒரே சத்தமாக
ஏறிக்கொண்டிருந்தேன்.
உள்ளே யாராவது விழித்திருந்தால்
இந்த வண்டிக்காக அவன் மூச்சைப் பிடிக்க வேண்டாம்.

உச்சியில் குமிழை அதனிடமே திருப்பிக் கொடுத்தேன்.
ஒன்றும் நடக்காதது போல்
நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டு போனது.
கொஞ்ச தூரம் போன பிறகு பார்க்கிறேன்,
இடதுகை
தண்ணீர் பாட்டிலின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது.